பாப்பாவின் இராத்திரி ஜெபத்தில் கடவுள் நம்பிக்கை இல்லாத நான் சேர்ந்துகொள்ளலாமா?

இளவேனில்:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். எங்கள் மேல்வீட்டு அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்கு நைட் டூட்டி விழும் வாரங்களில் அவருடைய ஐந்து வயது மகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவின் அப்பா குவைத்தில். சாயங்காலம் ஏழு மணிக்கு மேலே போனால், காலையில் அக்கா வந்த பிறகுதான் இறங்குவேன். அதற்கு ஒரு தொகை கொடுக்கிறார், என் படிப்புச் செலவுக்கு உதவுகிறது. பாப்பாவும் நானும் நல்ல ஒட்டுதல். சாப்பாடு ஊட்டுவது, யூனிபார்ம் எடுத்து வைப்பது, வீட்டுப்பாடம், எதிலும் சிக்கல் இல்லை.

சிக்கல் எட்டரை மணிக்கு வருகிறது. பால் குடித்து, பல் விளக்கி, கட்டிலில் ஏறியதும் முழங்கால் போட்டு உட்காருவாள். "அக்கா, ஜெபம்." நான் சும்மா இருந்தால் என் இரண்டு கையையும் பிடித்து விரல்களைக் கோத்துவிடுவாள். "கண்ண மூடுங்க" என்பாள். மூடினேனா என்று தன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். "இயேசப்பா, இன்னிக்கு அம்மா வார்டுல யாரும் சாகக் கூடாது. அப்பாவுக்கு அங்க ரொம்ப வெயில் அடிக்கக் கூடாது. தாத்தா முட்டிவலி போயிடணும். நொண்டி நாய்க்கு யாராவது பிஸ்கட் போடணும். அக்கா பரீட்சையில பாஸ் ஆகணும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்." நானும் ஆமென் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

எங்கள் தாத்தா கழகத்துக்காரர். அப்பா அம்மாவுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். வீட்டில் சாமி படம் கிடையாது. யாரும் சொல்லித் திணித்ததால் இல்லை, நானே யோசித்து வந்த முடிவும் அதுதான். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை.

இதுவரை கண்ணை மூடி, கையைக் கோத்து, ஆமென் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் மனசு உறுத்துகிறது. இது அவளை ஏமாற்றுவதா? அவள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நாட்களில் "இன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க அக்கா" என்கிறாள். அப்போது என் வாயால் "இயேசப்பா" என்று தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்காவிடம் இதுபற்றிப் பேசியதே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி_டூட்டி:

தங்கச்சி, நானும் நர்ஸ்தான். இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. என் ரெண்டு பசங்களையும் பக்கத்து வீட்டு அம்மாதான் ராத்திரியில பார்த்துக்கிட்டாங்க. அதனால தாய் பக்கத்துல இருந்து சொல்றேன்.

வார்டுல நின்னுக்கிட்டு மணி எட்டரை ஆனா, "இந்நேரம் படுத்திருக்கும், என்னைத் தேடுமோ" அப்படின்னு ஒரு நினைப்பு ஓடும் பாருங்க, அது கூடப் பொறந்தது மாதிரி. அந்த நேரத்துல வீட்டுல தினமும் நடக்கிறது அப்படியே நடந்தா பிள்ளை அழாது. பால், பல் விளக்குறது, ஜெபம், விளக்கணைக்கிறது. இந்த வரிசை மாறக் கூடாது. குழந்தைங்க தூக்கத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ற ஜோடி மிண்டெல்னு அமெரிக்காவுல ஒருத்தங்க இருக்காங்க. அவங்க குழு 2009-ல 405 தாய்மாரையும் குழந்தைங்களையும் வெச்சு ஒரு ஆய்வு பண்ணுச்சு. படுக்கப் போறப்ப தினமும் ஒரே வரிசையில செஞ்சா குழந்தைங்க சீக்கிரம் தூங்குது, நடு ராத்திரியில முழிக்கிறது குறையுதுன்னு வந்துச்சு. அதுல இருந்ததெல்லாம் மூணு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்க, ஜெபம் பத்தின ஆய்வும் இல்ல. ஆனா ஐந்து வயசுப் பிள்ளைக்கும் இது பொருந்துறதை நான் கண்ணால பார்த்திருக்கேன்.

அந்தப் பிள்ளை வேண்டுறதைக் கவனிச்சீங்களா? "வார்டுல யாரும் சாகக் கூடாது." அம்மா ஒருநாள் அழுதுக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்காங்க, பிள்ளை அதைப் பார்த்திருக்கு. அந்தப் பயத்தை எடுத்து வெக்க அதுக்கு இருக்கிற ஒரே இடம் அந்த ரெண்டு நிமிசம்தான். நீங்க கண்ண மூடுறீங்களா இல்லையாங்கிறது ரெண்டாவது விசயம். பக்கத்துல இருக்கீங்களே, அதுதான் முக்கியம்.

கருப்புச்சட்டை:

தோழர் இளவேனில், உறுத்துகிறது என்று எழுதியதற்காகவே உங்களைப் பாராட்டுகிறேன். உறுத்தாதவர்கள்தான் அதிகம்.

நான் அரை நூற்றாண்டாக இயக்கத்தில் இருப்பவன். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். பக்கத்தில் உட்காருவது வேறு, வாயால் சொல்வது வேறு. பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது மடத்தின் தலைவர் அடிகளார் கொடுத்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று இயக்கத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பலர் எழுதியிருக்கிறார்கள். அதனால் அவர் ஆத்திகர் ஆகிவிடவில்லை. ஒரு மனிதரின் வீட்டுக்குப் போனால் அந்த மனிதருக்குக் காட்டும் மரியாதை அது. ஆனால் அதே பெரியாரை ஒருவர் மேடையில் நிறுத்தி "கடவுள் உண்டு என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா?

வாயால் சொல்லும் சொல்லுக்கு மதிப்பு உண்டு என்று போராடியவர்கள் நம் ஆட்கள். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா 1880-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்காமல் உறுதிமொழி மட்டும் கூற அனுமதி கேட்டார். மறுத்தார்கள், வெளியேற்றினார்கள், மறுபடி மறுபடி தேர்தலில் நின்று வென்றார். 1886-இல்தான் அவரால் உட்கார முடிந்தது. 1888-இல் உறுதிமொழி கூறும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 1880களிலேயே சென்னையில் லௌகிக சங்கம் என்ற நாத்திகர் சங்கத்தை வைத்திருந்தவர்களுக்கு அவர்தான் முன்மாதிரி. இன்று நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் "கடவுள் பெயரால்" என்பதற்குப் பக்கத்திலேயே "உளமார" என்று இன்னொரு வழியும் இருக்கிறது. 2021-இல் ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது "உளமார" என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. பிராட்லாவையே 1880-இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் காவலில் வைத்தார்கள்.

ஆகவே உட்காருங்கள், கைகளை அவள் கோத்துவிட்டால் கோத்தபடி இருக்கட்டும். ஆமென் மட்டும் வேண்டாம்.

நாசரேத்_பிள்ளை:

அண்ணன் சொல்வதில் ஒரு பாதியை ஆத்திகனாக நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் சபை ஊழியர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் இரவு ஜெபம் இல்லாமல் ஒரு நாளும் விளக்கு அணைந்ததில்லை.

ஜெபம் என்பது பேச்சு. எதிரில் ஒருவர் கேட்கிறார் என்று நம்பிப் பேசுவது. மனுஷர் காணும்படி ஜெபம்பண்ணாதே என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்காக நம்பாமல் "ஆமென்" என்பது பெரிய பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது ஒப்புக்குச் சொல்லும் வார்த்தையும் இல்லை. "அப்படியே ஆகட்டும்" என்று நம் பெயரை அதன் அடியில் எழுதுவது. எழுத மனமில்லாதவர் எழுத வேண்டாம். விசுவாசிகளில் பெரும்பாலோர் இதனால் மனவருத்தப்பட மாட்டார்கள்.

தங்கை, நீங்கள் ஜெபத்தை நடத்த வேண்டாம். அவள் சோர்ந்திருக்கும் இரவில் "நீயே ஒரு வரி சொல்லு, போதும்" என்று சொல்லுங்கள். எங்கள் அப்பா அப்படித்தான் சொல்வார். தூக்கக் கலக்கத்தில் "இயேசப்பா, குட்நைட்" என்று முடித்த நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. அதை யாரும் குறைவாக நினைத்ததில்லை.

சேலம்_ரவி:

எல்லாரும் ரொம்ப யோசிக்கிறீங்கன்னு தோணுது. இது சம்பளத்துக்குப் பண்ற வேலை. சைவமா இருக்கிற ஒருத்தங்க வேலை பார்க்கிற வீட்டுக் குழந்தைக்கு முட்டை அவிச்சுக் குடுக்கிறதில்லையா? அந்த வீட்டு வழக்கம் இது, நம்ம கொள்கை நம்ம வீட்டோட. ஆமென் சொல்லிட்டுத் தூங்க வைங்க. அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட என்ன தத்துவ விசாரம்?

கருப்புச்சட்டை:

தம்பி ரவி, முட்டையை அவித்துத் தரலாம். "நானும் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது" என்று சொல்லச் சொன்னால்? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

காயல்_உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்க வீட்டுல இதே நிலைமை மறுபக்கமா. நான் ஆசிரியை, தேர்வுப் பணி வந்தா வீடு திரும்ப ராத்திரி ஆயிரும். மகனைப் பார்த்துக்கிட வர்ற பிள்ளை வேற மதம். மதம்னுகூடச் சொல்ல முடியாது, அவளுக்கு எதுலயும் நம்பிக்கை இல்லன்னு முதல் வாரமே எங்கிட்ட சொல்லிட்டா. அப்படிச் சொன்னதுனாலதான் அவ மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

எங்க பிள்ளைங்க தூங்குமுன்ன குர்ஆன்ல "குல்"னு தொடங்குற கடைசி மூணு சூரா ஓதி, ரெண்டு உள்ளங்கையும் சேர்த்து அதுல ஊதி, தலையில இருந்து முகம், உடம்புன்னு தடவிக்கிடும். மூணு தடவ. நபிவழி அது. என் மகன் தனக்குத் தடவி முடிச்சதும் அந்த அக்கா கன்னத்துலயும் ரெண்டு கையை வெச்சுத் தடவுவான். அவ குனிஞ்சு காட்டுவா. அவ்வளவுதான். அவ ஓத வேணாம், ஆமீன் சொல்ல வேணாம்னு நானே சொல்லிட்டேன். நம்பாத ஒருத்தரை ஓதவெக்கிறது எனக்கே சங்கடம். மகன் வரியை மறந்துட்டா போன்ல குர்ஆன் ஓதுற ஒரு காரியோட ஓதலைப் போட்டுவிடுவா, அவன் கூடவே சொல்லிக்கிடுவான்.

இளவேனில், அந்தத் தாய்கிட்ட நீங்க இன்னும் பேசலன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்கு மனசுல தைக்குது. பிள்ளைகிட்ட என்ன சொல்றதுங்கிறது அப்புறம். முதல்ல தாய்க்குத் தெரியணும். தன் பிள்ளை பக்கத்துல ராத்திரி யாரு உட்கார்ந்திருக்காங்கன்னு ஒரு தாய்க்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?

ஸ்காபரோ_குமரன்:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்க் கனகாலம். யுத்தத்துக்குள்ள நான் கண்டதுகளுக்குப் பிறகு அது திரும்பி வரேல்லை. இஞ்ச வந்த புதுசில அக்காவின்ர பிள்ளையளை இரவில நான்தான் பார்த்தனான். அக்காவும் அத்தானும் ரெண்டு பேரும் ஃபேக்டரியில நைட் ஷிஃப்ட்.

எங்கட ஊரில பொழுதுபடச் சாமி அறையில பிள்ளையளை இருத்தித் தேவாரம் பாடப் பண்ணுவினம். அக்கா அதை இஞ்சயும் விடேல்லை. "மாமா, தேவாரம்" எண்டு பிள்ளையள் கேட்டால் நான் பாடுவன். ஆமென் எண்டு சொல்லுறதை விடக் கூடவே செய்தனான். முழுசாகப் பாடினனான், பண்ணோட.

எனக்கு அது பொய்யாகப் படேல்லை. சம்பந்தரும் அப்பரும் எனக்கு அம்மம்மாவின்ர குரலில வந்தவை. பிள்ளையளுக்குத் தமிழ் வாயில நிக்கிற ஒரேயொரு நேரம் அதுதான். மிச்ச நேரம் முழுக்க இங்கிலிஷ். ஒரு நாள் பெரியவள் கேட்டாள், "மாமா, நீங்கள் சிவன் இருக்கிறார் எண்டு நம்புறீங்களோ?" "இல்லைப் பிள்ளை, ஆனால் இந்தப் பாட்டு எனக்கு நல்ல விருப்பம்" எண்டனான். அவள் ஒண்டும் சொல்லேல்லை, அடுத்த பாட்டைப் பாடச் சொன்னாள். கேள்வி கேட்கிற நேரத்தில நேராகச் சொன்னால் பிள்ளையள் தாங்குங்கள். நாங்கள்தான் தாங்கமாட்டம் எண்டு நினைக்கிறம்.

ஆனால் தங்கச்சியின்ர நிலைமை வேற எண்டு எனக்கு விளங்குது. எனக்கு அந்தப் பாட்டுகள் சொந்தம். அவவுக்கு அந்த ஜெபம் சொந்தமில்லை.

மதுரை_வக்கீல்:

சட்டம் வீட்டுப் படுக்கையறைக்குள் வராது. ஆனாலும் இதே சிக்கலை நம் உச்ச நீதிமன்றம் ஒரு முறை அழகாக அவிழ்த்திருக்கிறது, அதைச் சொல்லத் தோன்றுகிறது.

1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதம் பாட மறுத்தார்கள். பாடும்போது எழுந்து நின்றார்கள், மரியாதையாகத்தான் நின்றார்கள். வாயைத் திறந்து பாடவில்லை. அவர்கள் விசுவாசத்துக்கு அது ஒவ்வாதது. பள்ளியை விட்டு நீக்கினார்கள். உயர் நீதிமன்றம் "இந்தப் பாட்டில் மத உணர்வைப் புண்படுத்தும் ஒரு சொல்லும் இல்லையே" என்று கேட்டுத் தள்ளுபடி செய்தது. 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அதை மாற்றியது. எழுந்து நிற்பதே மரியாதை, பாடாமல் இருப்பது அவமரியாதை ஆகாது, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்பார்கள்.

அந்தப் பிள்ளைகள் ஆழ்ந்த நம்பிக்கையாளர்கள், இளவேனில் நம்பிக்கை இல்லாதவர். அவரும் அவர்களைப் போலவே கூட நிற்கலாம், வாய் திறக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு குழந்தையின் மனச்சாட்சி உரிமையையும் அதில் வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. வழிகாட்டும் இடம் பெற்றோருடையது. பார்த்துக்கொள்ள வந்தவர் அந்த இடத்தில் ஏறி உட்காரக் கூடாது. ஜெபிக்கச் சொல்லித் தருவதற்கும் இது பொருந்தும், கடவுள் இல்லை என்று சொல்லித் தருவதற்கும் பொருந்தும்.

இளவேனில்:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கருப்புச்சட்டை ஐயாவும் நாசரேத் அண்ணனும் இரண்டு பக்கத்திலிருந்து வந்து ஒரே இடத்தில் நிற்பது எனக்கு ஆச்சரியம்.

நேற்று ராத்திரி ஆமென் சொல்லாமல் இருந்து பார்த்தேன். "ஏன் சொல்லல?" என்றாள். "நீ சொன்னதைக் கேட்டுட்டு இருந்தேன், நீ சொல்றது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். "உங்களுக்கு இயேசப்பாவைத் தெரியாதா?" "எனக்கு அந்த நம்பிக்கை இல்ல பாப்பா. உனக்கும் அம்மாவுக்கும் இருக்கு, எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். இருட்டில் எழுந்து உட்கார்ந்து, "அப்ப நீங்க பரலோகத்துக்கு வரமாட்டீங்களா? நரகத்துல நெருப்பு இருக்குமாமே, அங்கயா போவீங்க?" என்று கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்காக அழுகிறாள். சண்டே கிளாஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. மடியில் போட்டுத் தட்டிக் கொடுத்தேன், "நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?

தென்றல்:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வளர்ந்த வீட்டில் இரவு ஜெபம் இவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. அன்றைக்குச் செய்த பாவத்தை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். பொய் சொன்னேன், அண்ணனை அடித்தேன், பென்சிலை எடுத்தேன். சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் எதையாவது கற்பனை செய்து சொல்வேன், சொல்லாவிட்டால் மறைக்கிறேன் என்று அர்த்தம். "இரகசிய வருகை" என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆண்டவர் வந்து நல்லவர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், மற்றவர்கள் விடப்படுவார்கள். பாதி ராத்திரியில் விழித்து வீடு நிசப்தமாக இருந்தால் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று உடம்பு நடுங்கும். மெல்ல எழுந்து போய் அம்மா மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். எட்டு வயது எனக்கு.

அந்தப் பாப்பாவின் ஜெபம் நல்லது என்று எல்லோரும் எழுதினீர்கள். நாயையும் தாத்தா முட்டியையும் பற்றிய ஜெபம் நல்லதுதான். ஆனால் அதே கட்டிலில் நெருப்பும் வந்துவிட்டது பாருங்கள். இப்போதும் "பெற்றோர் உரிமை, நாம் பேசக் கூடாது" என்று இருந்துவிடலாமா? எனக்குப் பக்கத்தில் அப்போது ஒரு இளவேனில் இருந்து, "நரகம் என்று ஒன்று கிடையாது கண்ணு, தூங்கு" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால்!

ராத்திரி_டூட்டி:

தென்றல், படிக்கும்போது நெஞ்சு அடைச்சிருச்சு. இதை எழுதினதுக்கு நன்றி.

இளவேனில் செஞ்சது சரிதான்னு நினைக்கிறேன். அழுற பிள்ளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கம் ஏறாது, மடிதான் வேணும். ஆனா காலையில அந்த அக்கா வந்ததும் இதை அன்னிக்கே சொல்லணும், மறுநாள்னு தள்ளக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சா சொல்லுவீங்கல்ல, அதே கணக்குதான்.

நாசரேத்_பிள்ளை:

தென்றல் எழுதியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்க மாட்டேன். எங்கள் சபைகளுக்குள் இது நடக்கிறது. சிறுபிள்ளைகளுக்கு நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதை என் அப்பா கடைசிவரை எதிர்த்தார். "பயத்தில் வருகிற பிள்ளை வளர்ந்ததும் பயம் போனவுடன் போய்விடும்" என்பார். சண்டே கிளாஸ் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். தாங்கள் கேட்டதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள்.

ஆனாலும் இளவேனில் வாயிலிருந்து "நரகம் இல்லை" என்று வர வேண்டாம். கொள்கைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்போது இரண்டு பயம் ஆகிவிடும். ஒன்று நெருப்பு, இன்னொன்று அக்கா சொல்வதும் அம்மா சொல்வதும் மோதுகிறதே என்பது. "இயேசப்பாவுக்கு அந்த அக்காவை ரொம்பப் பிடிக்கும்" என்று அதன் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை அம்மாவால்தான் சொல்ல முடியும். நீங்கள் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும், நானோ ஐயாவோ சொன்னால் அவள் கேட்கப் போவதில்லை.

கருப்புச்சட்டை:

தென்றல் கேட்ட கேள்விக்கு நானும் பதில் சொல்லியாக வேண்டும். குழந்தையைப் பயமுறுத்துவதைக் கண்டு சும்மா இருக்கச் சொல்கிற ஆள் இல்லை நான். வாழ்நாள் முழுக்க அதைத்தான் பேசிவருகிறேன். ஆனால் அந்தப் பேச்சைக் குழந்தையிடம் பேசுவதில்லை, பெரியவர்களிடம்தான் பேசுவேன். பெற்றவள் எதிரில் உட்கார்ந்து, "அக்கா, உங்கள் மகள் எனக்காக அழுதாள், அந்தப் பயம் அவளுக்கு வேண்டாம்" என்று இளவேனில் சொல்ல வேண்டும். பகுத்தறிவுக்காரர் என்ற முறையில் அது அவருடைய கடமை என்றே நினைக்கிறேன். வேலை போய்விடுமோ என்று தயங்கினால், போகட்டும்.

காயல்_உம்மா:

வேலை போகாது ஐயா. நல்ல தாயா இருந்தா அவ கையைப் பிடிச்சுக்கிடுவா. பேசிட்டு வந்து எழுதுங்க இளவேனில்.

இளவேனில்:

பேசிவிட்டேன்.

அக்கா டூட்டி முடிந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பதையும், இத்தனை நாள் ஒப்புக்குத்தான் ஆமென் சொன்னேன் என்பதையும், பாப்பா அழுததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முதல் விஷயத்துக்கு அவர் அசரவே இல்லை. "உங்க வீட்டுக் கூடத்துல பெரியார் படம் மாட்டியிருக்கே, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பிள்ளையை உங்கிட்ட விட்டேன்" என்றார். நெருப்பைப் பற்றிச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறிவிட்டது. "யாரு சொன்னா அவகிட்ட? நான் சொன்னதே இல்ல" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். அவர் கண்ணும் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை அந்த டீச்சரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பாப்பா எழுந்ததும் அவளை மடியில் வைத்துக்கொண்டு அக்கா என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் கீழே வந்துவிட்டேன், அது அவர்கள் பேச்சு.

என்னிடம் அக்கா கேட்டது ஒன்றுதான். "நீ ஜெபிக்க வேணாம். அவ ஜெபிக்கிற நேரத்துல போனைக் கீழே வெச்சிட்டுப் பக்கத்துல இரு." அதை ஏற்கெனவே செய்கிறேன் என்றேன். கைகோப்பதில் எனக்குச் சங்கடம் இல்லை, அவள் கோத்துவிட்டால் கோத்திருப்பேன். முழங்கால் போட மாட்டேன், பக்கத்தில் சம்மணம் போட்டு உட்காருவேன். ஆமென் சொல்ல மாட்டேன். பாப்பா சோர்ந்திருக்கும் இரவுக்காக அக்கா தன் குரலில் ஒரு சின்ன ஜெபத்தைப் பதிவு செய்து தருகிறேன் என்றார். காயல் உம்மா எழுதியதைச் சொன்னேன், அதிலிருந்து வந்த யோசனைதான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஜெபத்துக்கு முன்னால் "உங்களுக்கு என்ன வேணும் அக்கா?" என்று பாப்பா கேட்கிறாள். நான் சொல்வதையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறாள். செமினார் நன்றாக நடக்க வேண்டும் என்று சொன்னேன். சொல்லலாமா?

கருப்புச்சட்டை:

தாராளமாகச் சொல்லுங்கள் தோழர். உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு குழந்தை அக்கறையாகக் கேட்கிறது. உண்மையான பதிலைச் சொல்கிறீர்கள். அதில் எங்கே பொய்?

தென்றல்:

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார் என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்? ராத்திரியில் விழிக்கிறாளா?

இளவேனில்:

நேற்று ஒரு தடவை விழித்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்ததும் தூங்கிவிட்டாள். நெருப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அக்காவிடம் சொல்லிவிடுவேன், அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் மறுபடி நைட் டூட்டி. பதிவை அக்கா இன்றைக்கே என் போனுக்கு அனுப்பிவிட்டார். அதிலும் நொண்டி நாய்க்கு பிஸ்கட் இருக்கிறது.